நடை சாத்தும் நேரம்

வீட்டிலேயே ஒருவரைப் பராமரித்து வருபவர்களின் கேள்விகளுக்கு இந்த முறை முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: மகனுக்குப் பதினான்கு வயது. மூளை முடக்குவாதம். குளிப்பது, சாப்பிடுவது எல்லாமே என் கையில்தான். அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். மூன்று நாள் அவனை விட்டுவிட்டுப் போனால் பாவமா?
— ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: பாவம் இல்லை, போங்கள். தாலி கட்டும் நேரத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு பஸ் ஏறாமல், பந்தக்கால் நடும்போதே போய் நில்லுங்கள். முகூர்த்தத்தன்று அவனையும் அழைத்து வரச் சொல்லுங்கள். அவனுடைய சித்தி கல்யாணம், அவனும் பட்டுச்சட்டை போட வேண்டாமா? மற்ற இரண்டு நாள் அவன் வீட்டில் இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. அந்த இரண்டு நாள்தான் அவன் உங்களைப் பிரியும் முதல் நாளாக இருக்கக் கூடாது. யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ, மாமியாரோ நாத்தனாரோ சம்பளத்துக்கு வரும் ஆளோ, அவரை இந்த வாரமே வரச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்கள் ஊட்ட அவர் பார்க்கட்டும். மறுநாள் அவர் ஊட்ட நீங்கள் பாருங்கள். மூன்றாம் நாள் அவர் ஊட்டும்போது நீங்கள் கடைத்தெருவுக்குப் போய்விடுங்கள். பிறகு ஒரு பகல், அதன்பின் ஒரு இரவு. கல்யாணத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது, தாராளமாகப் போதும். பையன் முதல் நாள் அழுவான், நீங்களும் அழுவீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் எந்த வீட்டில் அழுகை இல்லை?

கேள்வி: "நீ அம்மா இல்லை, தெய்வம்" என்கிறார்கள் உறவினர்கள். கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன்.
— ஒரு தாய், மதுரை

பதில்: உங்கள் ஊர்க் கோயிலையே காட்டுங்கள். மீனாட்சிக்குத் தினமும் இரவு பள்ளியறை பூசை உண்டு. சொக்கநாதரின் பாதம் பல்லக்கில் வந்து சேரும், தாலாட்டு முடியும், நடை சாத்துவார்கள். மறுநாள் விடியும்வரை எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும் கதவு திறக்காது. தெய்வம் என்று சொல்பவர்களிடம், "எனக்கு நடை சாத்தும் நேரம் எது? அந்த நேரத்துக்கு இங்கே வந்து உட்காரப்போவது யார்?" என்று கேளுங்கள்.

கேள்வி: சென்ற இதழில், பராமரிப்பவர்களுக்குக் கிடைக்கும் இடைக்கால ஓய்வைச் 'சுமைதாங்கி' என்று எழுதியிருந்தீர்கள். இருபது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், பார்த்துக்கொள்வது அம்மா. அப்படியானால் நான் சுமையா?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேறு வேலை பார்க்க முடியவில்லை. முதலில் மன்னியுங்கள். நீங்கள் சுமை இல்லை.

நான் நினைத்தது சாலையோரக் கல்லைத்தான். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையோடு நடப்பவர் குனியாமலே இறக்கிவைக்கத் தோதான உயரத்தில் அமைத்திருப்பார்கள். இறக்கவும் ஆள் வேண்டாம், மறுபடி ஏற்றவும் ஆள் வேண்டாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டுவைப்பது நம் ஊர் வழக்கம். இறக்கிவைக்க இடமில்லாமல் போனவளுக்காக, அடுத்தவருக்கு ஓர் இடம். அந்த மனசு எனக்குப் பிடித்ததால் அந்தச் சொல்லை எடுத்தேன்.

சுமை என்று நான் சொன்னது, ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுவதை. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது வீட்டில் என்ன ஆனதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்வதை. சரிவுப்பாதை இல்லாத ஆஸ்பத்திரிப் படியில் ஆளைத் தூக்குவதை. இந்தச் சுமையை உங்களைத் தூக்குபவர் மட்டும் சுமக்கவில்லை, நீங்களும் சுமக்கிறீர்கள். அம்மா அயர்ந்து தூங்குகிறாள், எழுப்பினால் பாவம் என்று எத்தனை இரவு தாகத்தை அடக்கியிருப்பீர்கள்? கழிப்பறைக்கு அழைத்துப்போக ஆள் இருக்காது என்று காலையிலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்கள் எத்தனை பேர்! இன்னொரு ஜோடிக் கை வீட்டுக்கு வந்தால் ஓய்வு அம்மாவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் தாகம் உங்கள் வசத்துக்கு வரும். அம்மாவுக்குச் சொல்லாமல் ஒரு சினிமாவும் பார்க்கலாம்.

உங்கள் மாவட்டத்து ஆய்க்குடியிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1975-ல் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1992-ல் தசைச்சிதைவு நோய் உள்ள எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்துகொண்டார். இருவருக்குமே அன்றாடத்துக்குப் பிறர் கை வேண்டும். ஆனால் சங்கத்தில் எது எப்படி நடக்க வேண்டும் என்று முடிவு செய்தது அவர்கள்தான். உங்கள் வீட்டிலும் அப்படியே. வரும் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் பேச்சு உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆட்டிசம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் மனைவி நம்புவதில்லை. "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்கிறாள்.
— ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: அவர் சொல்வது உண்மைதானே, உங்களுக்குத் தெரியாது. பத்து வருடம் ஒருவரே செய்த வேலை அவர் கைக்குள்ளேயே தங்கிப்போகும், வாயால் சொல்லிக்கொடுக்க வராது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம் மனைவியின் பக்கத்திலேயே இருந்து, பார்ப்பதையெல்லாம் நீங்கள் எழுதுங்கள். அவரை எழுதச் சொல்லாதீர்கள், அவருக்கு இருக்கும் வேலை போதும்.

மருந்து, வேளை, டாக்டர் போன் நம்பர் எல்லாரும் எழுதுவதுதான். அதைத் தாண்டியதில்தான் நோட்டின் உயிர் இருக்கிறது. வேண்டாம் என்பதை அவள் எப்படிச் சொல்வாள்? முகத்தைத் திருப்புவாளா, காதைப் பொத்துவாளா? மிக்சி போடும் முன் சொல்ல வேண்டுமா? எந்தத் தட்டு என்றால் சாப்பிடுவாள்? சாதமும் குழம்பும் ஒன்றோடொன்று தொடலாமா? சட்டையின் காலரில் உள்ள லேபிளை வெட்ட வேண்டுமா? அழுகை வந்தால் கட்டிக்கொள்ள வேண்டுமா, விலகி நிற்க வேண்டுமா? தூங்கும் முன் எந்தப் பாட்டு, எத்தனை தடவை?

எழுதி முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியை அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். மாலைவரை போன் செய்யாதீர்கள். சில தவறுகள் நடக்கும். தட்டு மாறும், மகள் கத்துவாள், நீங்கள் வியர்த்துப்போவீர்கள். இரவு நோட்டில் இரண்டு வரி கூடும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டு உங்கள் குடும்பத்துச் சொத்தாக இருக்கும். யார் உதவிக்கு வந்தாலும் முதலில் கையில் கொடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பார்த்துக்கொள்கிறேன்', 'உதவி செய்கிறேன்' என்ற வார்த்தைகளை மனைவியிடம் இனிப் பேசாதீர்கள். நீங்கள் மகளுடைய அப்பா.

கேள்வி: ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைக்கலாம் என்று இருக்கிறோம். என்ன கேட்க வேண்டும்?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்பப்படுபவர் எல்லாரும் நர்ஸ் இல்லை, முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நர்சிங் படித்து, கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, நடக்க வைப்பது என்றால் பயிற்சி பெற்ற அட்டெண்டர் போதும். மூக்குக் குழாயில் உணவு, சிறுநீர்க் குழாய், டிராக்கியாஸ்டமி எனும் கழுத்துச் சுவாசக் குழாய், ஊசி என்றால் நர்ஸ் வேண்டும், அல்லது நர்ஸ் வந்து கற்றுக்கொடுத்துக் கண்காணிக்க வேண்டும். இரண்டும் வேறு வேலை, சம்பளமும் வேறு. எது வேண்டும் என்று நீங்கள் தெளிவாகச் சொல்லாவிட்டால் ஏஜென்சி கையில் இருக்கும் ஆளை அனுப்பிவிடும்.

அடையாள அட்டையும் போலீஸ் சரிபார்ப்பும் இருக்கின்றனவா, வந்தவர் திடீரென்று லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், நாம் கட்டும் பணத்தில் வேலை செய்பவர் கைக்கு எவ்வளவு போகிறது? இந்த மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஏஜென்சி முகம் சுளித்தாலும் கேளுங்கள். கைக்குக் குறைவாக வாங்குபவர் அடுத்த மாதம் வேறு வீடு தேடிப் போவார், உங்கள் வீட்டில் புதுமுகம் வந்துகொண்டே இருக்கும். படுக்கையில் இருப்பவருக்கு மாதம் ஒரு புதுக் கை தன் உடம்பைத் தொடுவது எவ்வளவு கொடுமை என்று யோசியுங்கள்.

என் தம்பியைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கும் ஒரு முறை ஓர் இடத்திலிருந்து ஆள் வந்தார். தம்பியிடம் பெயரைக்கூடச் சொல்லாமல் நேராகப் போர்வையை இழுத்தார். தம்பிக்குப் பேச வராது, ஆனால் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அம்மா அன்றே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்து வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னைத் தூக்கலாமா?" என்று கேட்டார். ஒன்பது வருடம் இருந்தார். சான்றிதழை நாங்கள் கேட்க மறந்தே போனோம். நீங்கள் மறக்காதீர்கள். ஆனால் அந்த முதல் ஐந்து நிமிடத்தையும் கவனியுங்கள்.

கேள்வி: நான் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஒரு பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். பாத்திரம் கழுவு, மாடி பெருக்கு, பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வா என்கிறார்கள். எப்படி மறுப்பது?
— ஓர் அட்டெண்டர், திருப்பூர்

பதில்: "நான் மாடியில் இருக்கும்போது பாட்டி கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தால் யார் பிடிப்பது?" என்று கேளுங்கள். கோபப்படாமல், உண்மையான கவலையோடு கேளுங்கள். பாட்டியின் துணி, பாட்டியின் தட்டு, பாட்டியின் அறை உங்கள் வேலை. மற்றதை ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வைத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பெண்ணுக்கு உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரமும், கதவு சாத்தக்கூடிய கழிப்பறையும், வாரம் ஒரு நாள் விடுமுறையும் கொடுங்கள். உங்கள் களைப்பை இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றிவைத்துவிட்டு அதற்கு ஓய்வு என்று பெயர் வைக்க முடியாது.

கேள்வி: அண்ணன் துபாயில். மாதம் தவறாமல் அப்பாவுக்குப் பணம் அனுப்பிவிடுகிறான். அதற்கு மேல் எதுவும் கேட்க வாய் வரவில்லை.
— ஒரு தங்கை, தஞ்சாவூர்

பதில்: அடுத்த மாதம் பணத்தோடு பதினைந்து நாளையும் அனுப்பச் சொல்லுங்கள். வருட லீவு அவருக்கும் உண்டு. வந்தால் விருந்தாளியாக வர வேண்டாம், நீங்கள் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது வரட்டும். பதினைந்து ராத்திரி அப்பா பக்கத்தில் படுத்து எழுந்தால், அதன்பின் அண்ணன் அனுப்பும் பணமும் கூடும், உங்களிடம் பேசும் குரலும் மாறும்.

கேள்வி: வெளிநாட்டில் எல்லாம் அரசாங்கமே ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளுமாமே. நமக்கு ஏன் அந்தக் கொடுப்பினை இல்லை?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: அங்கேயும் அது கொடுப்பினையாக வரவில்லை. மல்லுக்கட்டித்தான் வாங்கினார்கள். இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்றொரு பெண் மதபோதகர் இருந்தார். 1954-ல், முப்பத்தொரு வயதில், பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டார். 1963-ல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்: மணமாகாத மகள்கள் பெற்றோரைப் பார்ப்பதற்காக வேலையையும் வருமானத்தையும் தோழமையையும் இழந்து வீட்டுக்குள் கிடக்கிறார்கள் என்று. அவரைப் போன்ற பெண்களிடமிருந்து பதில்கள் வந்து குவிந்தன. 1965-ல் சங்கம் உருவானது. பராமரிப்பவர்களுக்கான முதல் அமைப்புகளில் அது ஒன்று. இப்போது 'கேரர்ஸ் யூகே' என்ற பெயரில் இயங்குகிறது.

அடுத்த கதை இன்னும் நமக்கு நெருக்கம். 1976-ல் அந்த நாட்டு அரசு பராமரிப்பவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் கல்யாணமான பெண்களுக்கு இல்லை என்றது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது காரணம். நம் வீடுகளில் தினமும் கேட்கும் வசனம் சட்டமாகவே இருந்திருக்கிறது பாருங்கள். ஜாக்குலின் டிரேக் என்ற பெண், மறதிநோய் கண்ட தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர், திருமணமானவர், வழக்குப் போட்டார். ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. 1986-ல் வென்றார். பத்து வருடம் மறுக்கப்பட்டது எல்லா மனைவிமாருக்கும் கிடைத்தது.

கடிதத்தில் ஆரம்பித்தார்கள். நீங்களும் கடிதம் எழுதத் தெரிந்தவர்தான், எனக்கு வந்திருக்கிறதே! அடுத்ததைச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்.

கேள்வி: சரி, இங்கே இப்போதைக்கு அரசிடம் என்னதான் கேட்கலாம்?
— இதே பொருளில் பதினோரு கடிதங்கள்

பதில்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். பராமரிப்பாளர் யார் என்று அந்தச் சட்டமே சொல்கிறது: சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பெற்றோரும் குடும்பத்தினரும் உட்பட, பராமரிக்கும் எவரும். அதாவது, "நான் சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்" என்று நீங்கள் சொன்னாலும் சட்டம் உங்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. பிரிவு 24-ல் அரசு செய்ய வேண்டிய சமூகப் பாதுகாப்புத் திட்டங்களின் பட்டியல் வருகிறது. அதில், உயர் ஆதரவு தேவைப்படுபவர்களுக்கான பராமரிப்பாளர் படியும் இருக்கிறது. அந்த ஆதரவு வேண்டும் என்று பிரிவு 38-ன்படி அவரோ அவர் சார்பில் நீங்களோ விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது இந்தப் பிரிவு எண்களை எழுதுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். பக்கத்துக் கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிப்பவர்களுக்கு மாதம் ₹600 என்று வைத்தார்கள். தொகை சிறியது, அது போதாது என்றே நான் சொல்வேன். ஆனால் பராமரிப்பவர் என்ற ஆளுக்கே ஒரு தொகை எழுதப்பட்டது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கான மாத உதவித்தொகை 2023 முதல் ₹2,000. அது பராமரிக்கப்படுபவரின் பணம், ஞாபகம் இருக்கட்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு வருடம் ₹1 லட்சம் வரை, முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள், தெரபிச் செலவும் சேரும். 'சமர்த்' என்ற பெயரில் இடைக்காலத் தங்கல், 'சஹயோகி' என்ற பெயரில் பராமரிப்பாளர் பயிற்சி என்று திட்டங்கள் வகுத்திருக்கிறார்கள். திட்டம் தாளில் இருப்பதும் உங்கள் ஊரில் கட்டில் காலியாக இருப்பதும் வேறு வேறு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. நம் மாநிலத்தில் ஒரு மாவட்டத்துக்கு இத்தனை ஓய்வுப் பராமரிப்பு இடம் என்று நிர்ணயிக்க வேண்டும், அதை நாம் கூட்டமாகக் கேட்க வேண்டும். தனியாகக் கேட்பவரை நாளைக்கு வா என்பார்கள். இருபது பெற்றோர் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தால் அன்றைக்கே நாற்காலி போடுவார்கள்.

கேள்வி: மனைவிக்கு வாதம் வந்து இரண்டு வருடம். வலப்பக்கம் அசைவில்லை. எனக்கு அறுபத்தெட்டு. ராத்திரி இரண்டு மணிக்கொரு தரம் புரட்டச் சொன்னார் டாக்டர். ஏர் பெட் வாங்கிவிட்டால் தூங்கலாமா?
— ஒரு கணவர், திருநெல்வேலி

பதில்: ஏர் பெட் நல்லது, வாங்குங்கள். ஆனால் புரட்டும் வேலையை அது செய்யாது. புட்டத்தின் மேல் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினம் குளிப்பாட்டும்போது பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் புண் ஆரம்பிக்கிறது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தொடர்ந்து எந்தப் புள்ளியும் சிவக்காமல் இருந்தால், இரவு இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

கையைப் பிடித்து இழுத்துப் புரட்டாதீர்கள், வாதம் வந்த தோள் நழுவிவிடும். இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் ஒரு பருத்தி விரிப்பை நாலாக மடித்துப் போட்டுவையுங்கள். விரிப்போடு சேர்த்து உருட்டினால் அவருக்கும் நோகாது, உங்கள் முதுகும் தப்பிக்கும். முட்டி மடங்க வேண்டும், முதுகு மடங்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனைவியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். வரும் பெண்ணிடம் உங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அறுபத்தெட்டு வயதில் இரண்டு வருடமாகத் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்காத மனிதர் நீங்கள். வாரம் இரண்டு இரவுக்காவது மகனோ மருமகளோ சம்பள ஆளோ அந்த அறையில் படுக்கட்டும். நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டுத் தூங்குங்கள். மதினிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கேள்வி: நேற்று மகன் மூன்றாவது தடவை தட்டைத் தட்டிவிட்டான். கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவன் பயந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் கெட்டவளா?
— ஊர் வேண்டாம்

பதில்: இல்லை. ஓங்கிய கையை இறக்கிய பலமும் உங்களிடம் இருந்தது. ஆனால் அடுத்த முறையும் அது இருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. ஆத்திரம் ஏறும்போது அவன் பாதுகாப்பாக இருக்கிறானா என்று பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பத்து நிமிடம் தட்டு தரையிலேயே கிடக்கட்டும். இன்று ராத்திரி யாரிடமாவது பேசிவிடுங்கள். 14416 அரசின் மனநல உதவி எண், 'டெலி மானஸ்', எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

1980-ல் ஸ்டீவன் ஜாரிட் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடனிருந்தவர்களும் பராமரிப்பவர்களுக்கென்று ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். இப்போது 22 கேள்விகளோடு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பராமரிக்கப்படுபவரின் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. இந்தக் கோபம் கேட்டு அளந்து பார்க்கிற அளவுக்குப் பொதுவானது. களைத்த உடம்பின் கோபம் அது, உங்கள் குணத்தின் கோபம் இல்லை. கடைசியாக முழு இரவு எப்போது தூங்கினீர்கள் என்று உங்களிடமே கேட்டுப்பாருங்கள். அந்தத் தேதி ஞாபகத்துக்கு வரவில்லை என்றால் உதவிக்கு ஆள் தேடுவதை இனி ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அவனிடமும் போய், "அம்மா பயமுறுத்திட்டேன், இனி செய்ய மாட்டேன்" என்று சொல்லுங்கள். புரியாது என்று நினைக்க வேண்டாம். பயம் புரிந்தவனுக்கு மன்னிப்பும் புரியும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் எப்போதும் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு குழந்தை. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவர்கள் கேட்பதே இல்லை.
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கேட்க மாட்டார்கள். "வியாழக்கிழமை நாலிலிருந்து ஆறு மணிவரை நான் இங்கே உட்கார்ந்திருப்பேன், நீங்கள் வெளியே போய் வாருங்கள்" என்று சொல்லிப்பாருங்கள். உங்களுக்கு எல்லை தாண்டினால் கேரளம். அங்கே 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பராமரிப்பு இயக்கம், அக்கம்பக்கத்தாரை வைத்துத்தான் ஊர் ஊராகப் பரவியது. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். உங்கள் வியாழக்கிழமையும் அதே இரண்டு மணி நேரம்தான்.

கேள்வி: எனக்கு எழுபது. மகனுக்கு நாற்பத்தொன்று, அறிவுசார் குறைபாடு. எனக்குப் பிறகு அவன்?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடைசி வரியாக இந்தக் கேள்விதான் இருந்தது. எங்கள் அம்மாவும் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சட்டத்தின் பக்கம் முதலில். மகனுக்குப் பதினெட்டு வயது தாண்டியதும் அம்மா என்பதாலேயே நீங்கள் சட்டப்படி பாதுகாவலர் ஆவதில்லை. ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமிக்க வேண்டும். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. உங்கள் கணவர் அரசு ஊழியராக இருந்திருந்தால், மகனுக்கு ஆயுள்வரை குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வாய்ப்புண்டு. அவன் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள்.

ஆனால் அம்மா, பத்திரம் எழுதி முடித்தாலும் இரவு உங்களுக்குத் தூக்கம் வரப்போவதில்லை. உங்கள் பயம் சொத்தைப் பற்றியது இல்லை. என் கையைத் தவிர வேறு கையில் அவன் சாப்பிடுவானா என்பதுதான். இதற்கு விடை இப்போதே தெரிந்துகொள்ளலாம், நீங்கள் இருக்கும்போதே. மாதம் ஒரு இரவு அவன் வேறு இடத்தில் தூங்கட்டும். தங்கை வீடோ, ஊரில் உள்ள சிறப்புப் பள்ளியின் தங்கும் விடுதியோ. அந்த இரவை உங்கள் ஓய்வுக்காக என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அவனுக்காக என்கிறேன். முதல் முறை சாப்பிடாமல் வருவான். மூன்றாவது முறை பாதி சாப்பிடுவான். ஒரு வருடத்தில் அங்கே அவனுக்கென்று ஒரு தலையணை இருக்கும், அவன் பெயர் சொல்லிக் கூப்பிடும் இரண்டு பேர் இருப்பார்கள். அம்மா போன அன்றைக்குத் துக்கத்தோடு அந்நிய வீட்டையும் அவன் சேர்த்துச் சந்திக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் 'நம்பிக்கை நிலையம்' என்று ஒரு பிரிவு உண்டு. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளோடு பெற்றோரும் வந்து தங்கிக் கற்றுக்கொள்ளும் இடம். அங்கே போகும் பெற்றோர் கற்கும் பாடங்களில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, இந்த வேலை கற்றுக்கொள்ளக்கூடியது என்பதே. கற்றுக்கொள்ளக்கூடியது என்றால் கற்றுக்கொடுக்கவும் முடியும். உங்கள் நாற்பத்தொரு வருடப் படிப்பை யாரிடமாவது ஒப்படைக்க ஆரம்பியுங்கள்.

கேள்வி: போன வாரம் மகனை முதல் தடவையாக இரண்டு இரவு வெளியே தங்க வைத்தேன். போன் மேல் போன் போட்டேன். "நல்லா சாப்பிட்டான், தூங்கிட்டான், உங்களைத் தேடவே இல்லை" என்றார்கள். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.
— ஒரு தாய், திருச்சி

பதில்: இரண்டையும் செய்யுங்கள். அழுது முடித்ததும் காலண்டரை எடுத்து அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள். இந்தத் தடவை மூன்று இரவு.